எத்தனை பிட் வேணும் ஸார்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. அங்கே ஏதாவது ஒரு கடையில், நாலு பேருக்கு நடுவே தலையை நுழைத்து, "ஒரு ஏ.டி.ஸி. சிப் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்பார்.

"எத்தனை பிட்?"

பிட் என்றதும் பரீட்சை ஹாலும் முழுக்கைச் சட்டையும் ஞாபகம் வந்தால் நீங்கள் நம்ம ஆள். ஆனால் இது வேறு பிட். இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் சொல்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே பெரிசா கொடுங்க!" டி.வி. வாங்கினால் இன்ச், செல்போன் வாங்கினால் மெகாபிக்ஸல், கல்யாணத்துக்குப் போனால் எத்தனை கூட்டு, எத்தனை பொரியல். எண்ணிக்கை பெரிசாக இருந்தால் சரக்கும் நல்ல சரக்கு என்று நமக்கு ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கையால் கோயமுத்தூரில் ஒரு குடும்பம் நடுராத்திரி வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த ஏ.டி.ஸி. என்னதான் பண்ணுகிறது? வெளியுலகம் சறுக்கு மரம் மாதிரி. காலை ஆறு மணிக்கு 26 டிகிரி, பதினோரு மணிக்கு 33 டிகிரி என்றால், நடுவிலிருக்கும் அத்தனையையும் தடவிக்கொண்டுதான் வெயில் ஏறியிருக்கும். தாவாது. கம்ப்யூட்டருக்கோ சறுக்கு மரம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது படிக்கட்டு. ஒன்றாம் படி, இரண்டாம் படி. ஒன்றேகால் என்று ஒரு படி கிடையாது. சறுக்கு மரத்தைப் படிக்கட்டாகச் செதுக்கிக் கொடுக்கிற தச்சன்தான் அனலாக்-டு-டிஜிட்டல் கன்வர்ட்டர். நீங்கள் போனில் "ஹலோ" சொன்னாலும், நகைக்கடையில் அரைப் பவுன் மோதிரத்தை நிறுத்தாலும், டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுத்தாலும் நடுவில் இந்தத் தச்சன் உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு காலத்தில் இந்தத் தச்சன் பெரிய ஆகிருதி உள்ளவன். 1954-ல் அமெரிக்காவில் எப்ஸ்கோ கம்பெனியில் பெர்னார்ட் கார்டன் என்பவர் 'டாட்ராக்' என்ற ஏ.டி.ஸி.யைக் கொண்டுவந்தார். உள்ளே சிப் எல்லாம் இல்லை. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வுகள். எடை 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ. 500 வாட் மின்சாரம் குடித்தது. விலை 8,000 டாலருக்கு மேல். அதற்கு 11 பிட், விநாடிக்கு 50,000 அளவு. இன்றைக்கு எம்.ஸி.பி.3208 என்று ஒரு பதினாறு கால் பூச்சி கிடைக்கிறது. 12 பிட், விநாடிக்கு ஒரு லட்சம் அளவு. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது, துவைக்கும்போதுதான் தெரியும்.

சரி, பிட் என்றால் என்ன? எத்தனை படி என்று சொல்கிற கணக்கு. ஒவ்வொரு பிட் கூடும்போதும் படிகள் இரண்டு மடங்காகும். 8 பிட் என்றால் 256 படி. 10 பிட் என்றால் 1,024. பன்னிரண்டுக்கு 4,096. பதினாறுக்கு 65,536. இருபத்துநாலுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்... 1,67,77,216. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் படி! பழனி மலைப் படியை எண்ணியவர்கள்கூட இதை எண்ண முடியாது.

படி குறைந்தால் என்ன நஷ்டம்? எல்.எம்.35 என்று ஒரு வெப்பநிலை சென்ஸார் இருக்கிறது. இன்ஜினீயரிங் காலேஜ் லேபைத் தாண்டிய எவருக்கும் பரிச்சயமான ஆசாமி. ஒரு டிகிரி செல்ஸியஸுக்கு 10 மில்லிவோல்ட் கொடுப்பான். இவனை, லேபுகளில் பல வருஷம் கோலோச்சிய ஏ.டி.ஸி.0804 என்ற 8 பிட் சிப்போடு சேர்த்துக் கட்டினால்? ஐந்து வோல்ட்டை 256-ஆல் வகுத்தால் ஒரு படி 19.5 மில்லிவோல்ட். அதாவது ஒரு படிக்குக் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி செல்ஸியஸ். ஃபாரன்ஹீட்டில் மூன்றரை டிகிரி. குழந்தையின் உடம்பு 99 ஆக இருந்தாலும் 101 ஆக இருந்தாலும் இந்தக் கருவி ஒரே எண்ணைக் காட்டக்கூடும். பாங்க் வட்டிக் கணக்கில் பைசாவை ரூபாயாக முழுமையாக்குகிறார்களே, அதே ரவுண்டிங்தான். என்ன, இங்கே ரூபாய்க்குப் பதில் ஆயிரம் ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணிவிட்டார்கள்.

"அதான் சொல்றேன், பெரிய பிட் வாங்கலாம்!" என்று கடைக்கு ஓடாதீர்கள். இதே சிப்பில் ஒரு காலில் வேறு வோல்டேஜ் கொடுத்து, "தம்பி, ஐந்து வோல்ட் வரை நீ அளக்க வேண்டாம், 2.56 வோல்ட் வரை அளந்தால் போதும்" என்று சொல்லலாம். 2.56-ஐ 256-ஆல் வகுத்தால் கணக்காக 10 மில்லிவோல்ட். ஒரு படி, ஒரு டிகிரி. கொசுறு செலவுதான். ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் 10 பிட் ஏ.டி.ஸி.க்கு உள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு படி சுமார் பத்தில் ஒரு பங்கு டிகிரி. எந்தப் பிட்டும் கூடவில்லை. அளவுகோலை மட்டும் மாற்றினோம். இரண்டு மீட்டர் வேட்டியை அளக்க எதற்கு இருபது மீட்டர் டேப்?

ஆனால் இங்கேதான் ஒரு வில்லன். அந்த 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒவ்வொரு சிப்பிலும் 1.0-லிருந்து 1.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டா ஷீட்டே ஒப்புக்கொள்கிறது. ரெஃபரன்ஸ் என்பது மளிகைக் கடைக்காரரின் எடைக்கல். கல்லே ஒன்பது நூறு கிராமாக இருந்தால், தராசு முள் எத்தனை நுணுக்கமாக ஆடினால் என்ன! பத்தில் ஒரு டிகிரியை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் மூன்று டிகிரி தள்ளிக் காட்டும். ஒரு தடவை நல்ல தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, திருத்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பிழைத்தோம். எத்தனை பேர் போடுகிறார்கள்? தசம புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் தெரிகிறதோ அத்தனையும் சத்தியம் என்று நம்புவது டிஜிட்டல் யுகத்தின் தொற்று வியாதி.

அடுத்தது வேகம். விநாடிக்கு எத்தனை தடவை அளக்க வேண்டும்? இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் புத்தகம் வேண்டாம், பாஸ்புக் போதும். நீங்கள் மாதச் சம்பளக்காரர். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை மட்டும் பாங்க் பாலன்ஸைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வருஷக் கடைசியில் அந்தப் பன்னிரண்டு எண்களைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "அடேயப்பா, கையில் எப்போதும் முப்பதாயிரம் வைத்திருக்கிற மனுஷன்!" பெண் கொடுக்கக்கூட முன்வருவான். அதையே இருபத்தைந்தாம் தேதிகளில் மட்டும் பார்த்தவன்? உங்களுக்காகப் பிரார்த்தனை பண்ணுவான். இரண்டு பேரும் பொய் எழுதவில்லை. எழுதிய ஒவ்வொரு எண்ணும் நிஜம். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிற கணக்கை மாதத்துக்கு ஒரே முறை பார்த்தால், அது ஏறி இறங்குவதே தெரியாது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிறதே, அதுவும் இந்த ஜாதி மோசடிதான். இதற்கு ஏலியாஸிங் என்று பெயர். குற்றவாளிகள் 'என்கிற' போட்டு வைத்துக்கொள்கிற மாற்றுப் பெயருக்கும் இதே வார்த்தைதான், பொருத்தம்!

எத்தனை வேகமாக ஒரு விஷயம் ஆடுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளக்க வேண்டும். இதன் அடிப்படையை 1928-ல் நைக்விஸ்ட் போட்டார், 1949-ல் ஷானன் முழுசாக நிரூபித்தார். டெலிபோனில் குரலை 3,400 ஹெர்ட்ஸ் வரை அனுப்பினால் போதும் என்று, விநாடிக்கு 8,000 அளவு எடுத்தார்கள். காது 20,000 வரை கேட்கும் என்பதால் ஆடியோ ஸி.டி.க்கு 44,100. இதை விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மட்டம் பார்க்க விநாடிக்கு பத்து லட்சம் அளவு எடுக்கிற சிப்பை வாங்குவது, தபால் கொண்டுபோக ராக்கெட் வாங்குகிற கதை. வேகம் கூடினால் இரைச்சலும் கூட உள்ளே வரும், மின்சாரமும் கூடச் செலவாகும்.

இன்னொன்று. பாஸ்புக்கில் தப்பாக எடுத்த பன்னிரண்டு எண்களை வைத்துக்கொண்டு, பிறகு எந்த ஆடிட்டர் வந்தாலும் உண்மையை மீட்க முடியாது. அதனால் வேண்டாத வேக ஆட்டத்தை ஏ.டி.ஸி.க்கு முன்னாலேயே ஒரு ஃபில்டர் போட்டு வடிகட்ட வேண்டும். டீயை டம்ளரில் ஊற்றுவதற்கு முன் வடிகட்டுவோமா, குடித்த பிறகா?

இனி கோயமுத்தூர்.

என் மச்சினன் அங்கே ஒரு சின்னப் பட்டறை வைத்து, மோட்டார் பம்புகளுக்கு கன்ட்ரோல் பானல் போட்டுக்கொண்டிருக்கிறான். கை சுத்தம், வாய் சுத்தம், மூளை மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. சென்ற வருஷம் அவனுக்கு ஒரு யோசனை. சமையல் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற மாதிரி ஒரு எலெக்ட்ரானிக் பலகை. சிலிண்டரில் இன்னும் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று காட்டும். "மாமா, சாம்பாரு கொதிக்கறப்ப கேஸ் தீராத வூடு எந்த ஊர்லீங் இருக்குது? நூறு வித்தாக் கூடப் போதுமுங்" என்றான். நியாயமான பேச்சு. சேமிப்பிலிருந்து பணத்தைப் போடப்போகிறான் என்றதும், பி.காம். படித்த பாவத்துக்கு என்னிடம் காஸ்ட் ஷீட் போடச் சொன்னான்.

வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். பதினைந்து, பதினாறு கிலோ. மொத்தம் முப்பது என்று வையுங்கள். 40 கிலோ தாங்குகிற லோட் செல் ஒன்று வாங்கினான். லோட் செல் என்பது ஒரு உலோகக் கட்டை. பாரம் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும்; வளைந்த அளவுக்கு ஒரு துளி வோல்டேஜ் தரும். துளி என்றால் துளிதான். ஐந்து வோல்ட் கொடுத்து, 40 கிலோ முழுசாக ஏற்றினாலும் அது திருப்பித் தருவது 10 மில்லிவோல்ட். வாங்குகிற ஐந்நூறில் ஒரு ரூபாய் திருப்பித் தருகிற சொந்தக்காரர் மாதிரி.

முதலில் தன்னிடமிருந்த மைக்ரோகன்ட்ரோலரிலேயே 12 பிட் ஏ.டி.ஸி. இருக்கிறது, தனிச் செலவே வேண்டாம் என்றான். கணக்கைப் போட்டோம். 3.3 வோல்ட்டுக்கு 4,096 படி என்றால் ஒரு படி 0.8 மில்லிவோல்ட். பத்து மில்லிவோல்ட் 40 கிலோ என்றால் ஒரு படிக்கு 3.2 கிலோ! முழு சிலிண்டர் தீருவதற்குள் நாலு தடவைதான் எண் மாறும். இதற்கு என் மாமியார் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்ப்பதே தேவலை. (மேல் பாதி சீக்கிரம் காயும், உள்ளே திரவம் இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் கொஞ்ச நேரம் தங்கும். செலவு: ஒரு துணி.)

மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப 24 பிட்டே போட்டுருவோமுங்!"

"மாப்ளே, நடுவுல 16 இருக்கே, அதப் பார்த்தியா?" என்றேன்.

பார்த்தோம். ஏ.டி.எஸ்.1115 என்ற 16 பிட் சிப். அதன் மிக நுணுக்கமான அமைப்பில் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட். நம் சிலிண்டருக்கு அது சுமார் 31 கிராம். ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வருகிற வீட்டில் ஒரு நாளைக்குச் செலவாவது 355 கிராம். ஐம்பது கிராம் நுணுக்கம் இருந்தாலே தாராளம். ஆக, காகிதத்தில் 16 பிட் போதும். ஆனால் வேறொரு இடத்தில் இடித்தது. அந்தச் சிப் தன்னுடைய சொந்த ரெஃபரன்ஸை வைத்து அளக்கிறது. லோட் செல்லோ செல்போன் சார்ஜர் கொடுக்கிற ஐந்து வோல்ட்டில் வேலை செய்கிறது. சார்ஜர் வோல்டேஜ் ஒரு சதவிகிதம் இறங்கினால் லோட் செல்லின் விடையும் ஒரு சதவிகிதம் இறங்கும். சிப்பின் எடைக்கல் மட்டும் இறங்காது. முப்பது கிலோவில் முந்நூறு கிராம் காணாமல் போகும். ஒரு நாள் சமையல்!

தராசுக்கென்றே செய்த சிப்களில் இந்தத் தொல்லை இல்லை. ஹெச்.எக்ஸ்.711 என்று ஒன்று. சின்ன எலெக்ட்ரானிக் தராசுகளில் சகஜமாகப் பார்க்கலாம். லோட் செல்லுக்குப் போகிற வோல்டேஜையே அது தன் ரெஃபரன்ஸாகவும் வைத்துக்கொள்கிறது. சார்ஜர் இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், விகிதம் மாறாது. இரண்டு தட்டிலும் சமமாகத் தண்ணீர் தெளித்தால் தராசு சாயுமா? அதுபோல. கூடவே துளி வோல்டேஜை 128 மடங்கு பெருக்குகிற ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்கி, அது வெயிலில் மாறாமல் பார்த்துக்கொள்ளும் அவஸ்தை மிச்சம். விலை ஒரு மினி மீல்ஸுக்குள்.

இதோடு இன்னொரு குணம். ஏ.டி.ஸி.களில் ஜாதிகள் உண்டு. ஒரு ஜாதி, பழைய மளிகைக் கடைத் தராசு மாதிரி: முதலில் பெரிய கல்லைப் போடு, அதிகமா? எடு. அடுத்து அதில் பாதிக் கல், குறைச்சலா? இருக்கட்டும். அடுத்து அதிலும் பாதி... பன்னிரண்டு கல்லில் பன்னிரண்டு பிட் விடை தயார். வேகம், சிக்கனம், நாம் தினசரி பார்க்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். இன்னொரு ஜாதி அவசரக்காரர்கள்: 8 பிட்டுக்கு 255 கம்பாரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே நொடியில் "உனக்கு மேலேயா, கீழேயா?" என்று எல்லாரையும் கேட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டாம். மூன்றாவதுதான் ஹெச்.எக்ஸ்.711 சேர்ந்த டெல்டா-ஸிக்மா ஜாதி. பொறுமைசாலி. மிக வேகமாக, மிகக் கச்சாவாக, "கூடவா, குறையவா?" என்று ஆயிரக்கணக்கான தடவை கேட்டு, எல்லாவற்றையும் சராசரி பார்த்து, ஆற அமர ஒரு விடை சொல்லும். விநாடிக்குப் பத்து விடை, அவ்வளவுதான்.

அந்தப் பத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஆட்டம் எந்த ஒயரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். விநாடிக்குப் பத்து தடவை 'டக்'கென்று எட்டிப் பார்க்கிற சிப்பாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் அலையின் அதே இடத்தைப் பார்த்து ஏமாறும். மறுபடியும் ஒன்றாம் தேதி பாஸ்புக்! பொறுமைசாலியோ நூறு மில்லி விநாடி முழுக்கச் சராசரி பார்க்கிறது. அதற்குள் சரியாக ஐந்து அலை. மேடும் பள்ளமும் அடித்துக்கொண்டு போய்விடும். மல்டிமீட்டரில் இருக்கும் ஐ.ஸி.எல்.7106 போன்ற பழைய சிப்களும் இதே தந்திரத்தை இன்னொரு விதமாகச் செய்கின்றன.

ஆக, ஹெச்.எக்ஸ்.711 வாங்குவது என்று முடிவாயிற்று. அட்டையில் 24 பிட் என்று போட்டிருக்கிறது, ஆனால் அதற்காக இல்லை.

இந்த 'அதற்காக இல்லை' என்பது மட்டும் மச்சினன் மண்டையில் ஏறவில்லை. அவன் கணக்கு இது: 24 பிட், ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படி, ஒரு படிக்கு நம் சிலிண்டரில் பத்து மில்லிகிராம்... அரை அரிசியின் எடை! விடுவானா? டிஸ்ப்ளேயில் கிராமுக்குப் பிறகு இரண்டு தசம இலக்கம் போட்டுவிட்டான்.

இந்த 24 பிட்டைச் சம்பளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிருப்பது 24. சிப்புக்கே உள்ள இரைச்சல் சுமார் 50 நானோவோல்ட் என்று அதன் டேட்டா ஷீட் சொல்கிறது. அந்த இரைச்சலின் முழு ஆட்டத்தையும் கணக்கில் எடுத்தால் கடைசி ஏழு பிட் போச்சு, இது பி.எஃப். பிடித்தம். சிப் அளக்கக்கூடிய 40 மில்லிவோல்ட் வீச்சில் நாம் உபயோகிப்பது பத்துதான். இன்னும் இரண்டு பிட் காலி, இது புரொஃபஷனல் டாக்ஸ். கையில் வாங்குவது 15. அதாவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு வருகிற இலக்கங்கள் எல்லாம் தாமாக ஆடுகிற கரகாட்டம். அதோடும் முடியவில்லை. சம்பளம் வாங்கி வந்தவனுக்கு வீட்டில் லோட் செல் என்ற மாமனார் காத்திருக்கிறார். பாரத்தைத் தொடர்ந்து சுமந்துகொண்டிருந்தால் அந்த உலோகம் மெள்ள மெள்ள இணங்கிக் கொடுக்கும். அறை குளிர்ந்தால், சூடானால் கொஞ்சம் நகரும். சாதாரண லோட் செல்லில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. நாற்பது கிலோவில் இருபது கிராம்.

மாதிரி ஒன்று செய்து தன் வீட்டுச் சமையலறையிலேயே வைத்தான். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டவ்வை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடிவிட்டுப் படுத்தார்கள். அப்போது டிஸ்ப்ளேயில் 29,846.31. தண்ணீர் குடிக்க எழுந்த மச்சினன் ஒன்றரை மணிக்குப் பார்க்கிறான்: 29,827.08. கண்ணெதிரே எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது கிராம் எங்கே போயிற்று?

"கேஸ் லீக்!"

வீடே எழுந்தது. ஆனால் என் மாமியார் நிதானமானவர். "எவனும் சுச்சைத் தொடாதீங்க கண்ணு. சன்னலத் தொறந்து வுட்டுட்டு வெளிய வாங்க" என்று எல்லாரையும் வாசலில் நிறுத்தினார். கைக்குழந்தையோடு நடுராத்திரி மார்கழிக் குளிரில் ஆறு பேர். 1906-க்கு போன் போட்டார்கள். (கேஸ் கசிவுக்கென்று உள்ள அவசர எண். போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) வந்தவர் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. வாசனையும் இல்லை. சிலிண்டரைத் தனியே கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு, அதே பலகையில் ஒரு மூட்டை சிமென்ட்டின் பாதியை ஏற்றினார்கள். அதுவும் 'லீக்' ஆயிற்று!

கேஸில் வாசனைக்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். கசிவைக் கண்டுபிடிக்க அந்த மூக்கும் சோப்புத் தண்ணீரும் இருக்கின்றன. எடைப் பலகை அந்த வேலைக்கு லாயக்கில்லை. அன்றைக்கு ஒரு குளிரோடு போயிற்று. எனக்கு பயம் இதன் மறுபக்கத்தில். இந்த மாதிரி நாலு தடவை பொய் அலாரம் அடித்தால், ஐந்தாவது தடவை நிஜமாகவே கசியும்போது, "அது அப்படித்தான் காட்டும், படு" என்று யாராவது திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். இல்லாத நுணுக்கத்தைக் காட்டுவது அழகுப் பிரச்னை இல்லை ஸார்.

மறுநாள் போனில் மச்சினன் கேட்டான்: "இதவிட நல்ல 24 பிட் சிப்பு இருக்குதுங் மாமா, பத்து மடங்கு வெலை. அதப் போட்டா?"

சிப்பைத் தங்கத்தில் செய்தாலும் உலோகக் கட்டை இணங்குவது நிற்காது என்று சொல்லிவிட்டு, டேட்டா ஷீட்டைச் சேர்ந்து படிக்கலாம் என்றேன். டேட்டா ஷீட் படிப்பது வரன் பார்ப்பது மாதிரி. முதல் பக்கம் தரகர் கொடுக்கிற குறிப்பு: 24 பிட், சிவந்த நிறம், சொந்த வீடு. நம்ப வேண்டாம். உள்ளே போனால் 'டிபிக்கல்', 'மாக்ஸிமம்' என்று இரண்டு பத்தி இருக்கும். டிபிக்கல் என்றால் 'பையன் சாதாரணமா ரொம்ப நல்லவன்' என்று அர்த்தம். மாக்ஸிமம் என்றால் கோபம் வந்தால் என்ன செய்வான் என்று. அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் பெண் கொடுக்க வேண்டும். இரைச்சல் அட்டவணை எந்த வேகத்தில், எந்தப் பெருக்கத்தில் என்று பார்க்க வேண்டும். வெப்பத்துக்கு எவ்வளவு நகரும் என்று பார்க்க வேண்டும். பிட்டை இதற்கெல்லாம் அப்புறம் பார்த்தால் போதும்.

ஒரு கணக்குப்பிள்ளையாக எனக்கு வேறு கவலையும் இருந்தது. ஐந்நூறு சிப் ஒன்றாக வாங்கினால் விலை குறைகிறது என்று மச்சினன் துடித்தான். நூறு பலகை விற்குமா என்றே தெரியாத நிலையில் நானூறு சிப் அலமாரியில் தூங்கும். அதற்கு சரக்கு என்று பெயரில்லை, முடங்கிய முதல். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 2021 சிப் பஞ்சத்தில் ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்ன சிப்கள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று பலகையை வடிவமைத்தவர்கள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே எழுதியிருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடித்த சிப்களும் உலகச் சந்தையில் சுற்றுகின்றன. அதனால் பத்து வாங்கிச் சோதித்துவிட்டு, விற்பனைக்குச் செய்யும்போது ரசீதோடு, பொறுப்பெடுத்துக்கொள்கிற இடத்தில் வாங்கு என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: இது வீட்டில் உத்தேசம் பார்க்கிற பலகை. இதையே கடையில் எடை போட்டு விற்கிற தராசாகக் கொடுத்தால், 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டம் இருக்கிறது; மாடலுக்கு அங்கீகாரம், தயாரிக்க லைசென்ஸ், அதன் பிறகு முத்திரை. நுணுக்கம் என்று வாயால் சொன்னால் போதாது, அங்கே நிரூபிக்க வேண்டும்.

தசம இலக்கங்களை எடுத்துவிட்டான். கிராமையும் எடுத்துவிட்டான். நூறு கிராம் மாறினால்தான் எண் மாறும்படி செய்தான். போன வாரம் கோயமுத்தூர் போயிருந்தபோது பலகை சமையலறையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பச்சை எழுத்தில் 6.3 கிலோ.

"இப்பச் சரியா இருக்குதுங்களாம்மா?" என்றான் மச்சினன், பெருமையாக.

மாமியார் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "கிலோவத் தெரிஞ்சு நான் என்ன பண்றது கண்ணு? தீவாளிக்குள்ள தீருமா, தீராதா? அத மட்டும் சொல்லச் சொல்லு."

தீரும், தீராது. ஒன்று, பூஜ்யம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பிட். மச்சினன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.